முதல் மூணு மணி நேரம்

அந்த மெஷினைப் பையிலயே வைங்க டாக்டரம்மா. என் சின்னவ மோகனாவுக்கு ஒண்ணும் இல்லை, அவளுக்கு எதுக்கு டெஸ்ட்டு? மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. உங்க ஆஸ்பத்திரியில இருந்து யாராச்சும் வந்தா நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு எத்தனை மாசமா காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுங்களா? தண்ணி குடிங்க. கோயமுத்தூர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. தறிச் சத்தம் இருக்கத்தான் செய்யும், பக்கத்துக் கொட்டாயில எட்டுத் தறி ஓடுது. பள்ளிபாளையத்துல சத்தம் இல்லாத ஊடு ஏதுங்க?

என் பேரு உங்க நோட்டுல இருக்குமே. சம்பூரணம். தாரணியோட அம்மா. தாரணி செத்து ஏழு மாசம் ஆச்சு. வருசா வருசம் போன் பண்ணிக் கேப்பாங்களே, எப்படி இருக்கீங்க, மயக்கம் வந்துச்சான்னு, அந்தப் பொண்ணு இந்த வருசமும் பண்ணுச்சு. "தாரணிகிட்டக் குடுங்க"ன்னுச்சு. "எங்கம்மா குடுக்கறது, மேட்டுல எரிச்சுட்டு வந்தாச்சு"ன்னேன். அதுக்கப்புறம்தான் நீங்க காரை எடுத்துக்கிட்டு வர்றீங்க.

இந்தாங்க, இதைப் பாருங்க. லேமினேசன் போட்டு வெச்சிருக்கேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா இந்த ஒரு வார்த்தை எங்க இருக்குதுன்னு தெரியும். இதோ. நார்மல். இருபத்துநாலு மணி நேரம் இருதயத்தைப் பாத்து நீங்க எழுதிக் குடுத்தது. நீங்கன்னா உங்களுக்கு முன்னால இருந்தவங்க, எல்லாம் ஒரே ஆஸ்பத்திரிதானே. நார்மல்னு எழுதிக் குடுத்த புள்ளை இருபத்துநாலு வயசுல எப்படிங்க சாவா? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க. அப்புறம் மெஷினை எடுங்க.

இல்லீங்க, நான் கத்தலை. என் தொண்டையே இப்படித்தான், தறிக்கொட்டாயில பேசிப் பேசி.

ஆராய்ச்சின்னு சொல்லித்தான் வந்தாங்க. மில்லுல வேலை செய்யற பொம்பளைப் புள்ளைங்களுக்கு இருதயம் எப்படி இருக்குது, மயங்கி விழறவங்களுக்கு எதனால வருது, என்ன மருந்து குடுக்கலாம்னு பாக்கறோம்னாங்க. தாரணி ரெண்டு தடவை மில்லுல விழுந்திருந்தா. அதான் மேனேஜர் அவ பேரைக் குடுத்துட்டாரு. எனக்கு இஷ்டமே இல்லை. கண்ணாலம் ஆகாத புள்ளைக்கு இருதய டெஸ்ட்டுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகறது? ஆனா அவளே கையெழுத்துப் போட்டுட்டா.

எப்போ விழுவாளா? சத்தம் கேட்டா விழுவா. தறிச் சத்தம் இல்லீங்க, அது பொறந்ததுல இருந்து கேட்டது. திடீர்னு கேக்கற சத்தம். ஏழாவது படிக்கறப்ப பள்ளிக்கூட மணி அடிச்சதும் விழுந்தா. காலையில சாப்பிட்டியான்னு டீச்சரம்மா கேட்டாங்களாம். ரெண்டு இட்லி சாப்பிட்டுத்தான் போனா. அப்புறம் மில்லுல ஷிப்ட் மாத்தறதுக்குச் சங்கு ஊதுவாங்க, அப்போ. கண்ணு மேல சொருகிக்கும், ஒரு நிமிசம் ஆளு இருக்காது. அப்புறம் தானா எந்திரிச்சு உக்காந்துக்குவா. என்னடீன்னா ஒண்ணுமில்லைம்பா. பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். திருநீறு போட்டோம், கயிறு கட்டினோம். எங்கூட்டுக்காரரு தங்கச்சி ஒருத்தி அப்படித்தான் பதினாறு வயசுல கெணத்துல குதிச்சு நீந்தறப்பவே முங்கிப்போனா. மீனு மாதிரி நீந்தற புள்ளை. அந்தக் குடும்பத்துக்கே தோஷம் இருக்குதுன்னு ஜோசியர் சொன்னாரு.

இதை எதுக்கு எழுதறீங்க? அது நாப்பது வருசத்துக்கு முந்தின கதை.

சரி, பொட்டி விசயத்துக்கு வர்றேன். மில்லுல போட்ட கேம்ப்புல படுக்க வெச்சு ஒரு பேப்பர் எடுத்தாங்க. சந்தேகமா இருக்குது, ஒரு நாள் பூராப் பாத்தாத்தான் சொல்ல முடியும்னாங்க. போன் அளவுக்கு ஒரு பொட்டி, அதுல இருந்து அஞ்சு ஒயரு, நெஞ்சுல அங்கங்க ஸ்டிக்கர் வெச்சு மாட்டி விட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாட்டினது. ஞாயித்துக்கிழமை நாலு மணி வரைக்கும் கழட்டக் கூடாது, குளிக்கக் கூடாது. ஒரு சின்ன நோட்டுக் குடுத்து, என்ன வேலை செய்யறே, எப்போ படபடப்பு வருதுன்னு நேரம் போட்டு எழுதச் சொன்னாங்க. மாட்டி விட்ட நர்ஸ் புள்ளை தங்கமான புள்ளை. "அக்கா, எம்பேருலதான் இந்தப் பொட்டி இருக்குது, பத்திரமாப் பாத்துக்கங்க"ன்னு என் கையைப் புடிச்சுச் சொல்லிட்டுப் போச்சு.

வந்ததும் என்னமோ சொன்னீங்களே, முதல் மூணு மணி நேரம் ஒரு மாதிரி, அப்புறம் வேற மாதிரின்னு. அன்னைக்கு அந்த மூணு மணி நேரத்தை ஸ்டிக்கர் சரியா ஒட்டாத நேரம்னு கம்ப்யூட்டர் ஒதுக்கிடுச்சு, இப்போ உக்காந்து பாத்தா அது வேற நெஞ்சு மாதிரித் தெரியுதுன்னீங்க. அப்போ உங்க தப்புதானே? அன்னைக்கே ஒரு மனுசன் உக்காந்து பாத்திருந்தா? இத்தனை படிச்சவங்க இருக்கீங்க.

ஏழு மணிக்குத் தரகர் போன் பண்ணினாருங்க. மல்லசமுத்திரத்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாளைக்குக் காலையில பொண்ணு பாக்க வர்றாங்கன்னு. ஆனி மாசம் கடைசி ஞாயிறு. அதை விட்டா ஆடி பொறந்துரும், ஆடியில யாரு பொண்ணு பாக்க வருவாங்க? ஆவணிக்குள்ள அவங்க வேற எடம் பாத்துட்டா? பையன் கூட்டுறவு பேங்க்குல வேலை. எங்களுக்கு இருக்கறதே இந்த ஊடும் ரெண்டு பொண்ணும்தான், எங்கூட்டுக்காரரும் போயிட்டாரு. நீங்களே சொல்லுங்க, நெஞ்சு பூரா ஒயரு தொங்கறப்ப எப்படிங்க பொண்ணைக் காட்டறது? ஜாக்கெட்டுக்கு மேல ஸ்டிக்கர் எட்டிப் பாக்குது. இடுப்புல பொட்டி புடைச்சுக்கிட்டு நிக்குது.

தாரணி சொன்னா, நர்ஸுக்குப் போன் பண்ணிக் கேக்கலாம்மான்னு. ராத்திரி நேரத்துல அந்தப் புள்ளையை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னேன். மோகனா சொன்னா, கழட்டி அலமாரியில வெச்சரலாம், திங்கக்கிழமை போயி விசயத்தைச் சொல்லித் திருப்பி மாட்டிக்கலாம்னு. சின்னப் புள்ளை, அதுக்கு என்ன தெரியும்? சும்மா வெச்சா மெஷினுக்குத் தெரிஞ்சிராதா? அந்த நர்ஸ் புள்ளைக்கு வேலை போயிராதா? எம்பேருலதான் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அவளைக் காப்பாத்தறதுக்குத்தாங்க நான் அப்படிப் பண்ணினேன்.

என்ன பண்ணினேனா? மோகனாவுக்கு மாட்டி விட்டேன்.

இதுல என்னங்க இருக்குது? ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்க. ஒரே சோறு, ஒரே தண்ணி, ஒரே ரத்தம். ஒண்ணரை வருசம்தான் வித்தியாசம். சிவப்பு ஒயரு எங்க இருந்துச்சு, பச்சை எங்க இருந்துச்சுன்னு பாத்துப் பாத்து அதே எடத்துல வெச்சேன். ஸ்டிக்கர் பசை போயிருந்துச்சு, பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். அதுவும் இல்லாம மோகனாவை அன்னைக்கு எப்படியும் ஊட்டுல வெச்சுக்க முடியாது. அவ கொஞ்சம் செகப்பு. பெரியவளைப் பாக்க வந்தவங்க சின்னவளைக் கேட்டுட்டா என்ன பண்றது? அதனால பொட்டியோட அவளைப் பின்னால மாராயி ஊட்டு அறையில உக்கார வெச்சேன். நாலு மணி வரைக்கும் அசங்கலை அவ. சொன்ன பேச்சுக் கேக்கற புள்ளைங்க.

நோட்டும் மொதல்ல இருந்தே அவதான் எழுதினா. கையெழுத்து ஒரே மாதிரி இருக்கணுமில்லீங்களா? இங்க நடக்கறதை நான் போயிச் சொல்லச் சொல்ல அங்க எழுதினா. பத்தரை மணிக்குப் பாக்க வந்த ஒறம்பரைக்குக் காப்பி குடுத்தேன், படபடப்பு இல்லைன்னு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஓ, அந்த நோட்டு உங்ககிட்ட இருக்குதா? அந்த வரியைப் படிச்சீங்களா?

பேப்பர் வந்துச்சு, நார்மல்னு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் உங்களுக்குச் சொன்னாப் புரியாது. எட்டாம் நாளே அது உதவுச்சு. மில்லுல எவளோ ஒருத்தி, பொண்ணு மயங்கி மயங்கி விழுதுன்னு மல்லசமுத்திரத்துல பத்த வெச்சிருந்தா. சம்பந்தியம்மா நேரா வந்து கேட்டாங்க. நான் இந்தப் பேப்பரை எடுத்துக் கையில குடுத்தேன். "பெரிய ஆஸ்பத்திரியில ஒரு நாள் பூராப் பாத்துக் குடுத்ததுங்க"ன்னேன். ஆவணியில கண்ணாலம் முடிஞ்சுது. குழந்தை உண்டானப்ப அங்க இருந்த டாக்டர் கேட்டாங்களாம், மயக்கம் ஏதாச்சும் வந்ததுண்டான்னு. அவங்ககிட்டயும் இந்தப் பேப்பரைத்தான் காட்டினாங்க.

பிரசவம் இங்கதான். பொண்ணு. ஒரு குறையும் இல்லை. அறுபத்திரண்டாம் நாளு. குழந்தை ராத்திரி பூரா அழுது, தாரணி தூங்கவே இல்லை. மத்தியானம் அதுக்குப் பால் குடுத்துட்டு இதோ இந்தக் கட்டில்ல படுத்தா. நான் அடுப்புல குக்கர் வெச்சேன். அவளுக்குத்தான், பருப்பு வேணும்னு கேட்டா. மொதல் விசில் வந்துச்சு. அந்தச் சத்தத்துல தூக்கி வாரிப்போட்டு எந்திரிச்சா. அம்மான்னா. ஒரே ஒருதடவை. சாஞ்சுட்டா.

நான் போயி திருநீறு எடுத்துட்டு வந்தேங்க. நெத்தியில போட்டேன். எப்பவும் ஒரு நிமிசத்துல எந்திரிச்சுக்குவாளே, இப்பவும் எந்திரிச்சுக்குவான்னு பக்கத்துல உக்காந்திருந்தேன். குக்கர் அது பாட்டுக்கு விசில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அஞ்சு விசிலோ ஆறோ. மோகனா ஓடிவந்து, அக்கா மூச்சு விடலைம்மான்னு கத்தறா, நான் அவளை அதட்டறேன். சும்மா இருடி, நார்மல்னு எழுதிக் குடுத்திருக்காங்கடின்னு.

குடிங்க, தண்ணி குடிங்க. நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கறீங்க?

சாவுக்கு வந்த எடத்துல சம்பந்தியம்மா, நோவை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டியான்னு என் முடியைப் புடிக்க வந்தாங்க. மறுபடியும் இந்தப் பேப்பர்தான். மாப்பிள்ளை கௌரிசங்கர் வாங்கிப் படிச்சுட்டு, "விடுங்கம்மா, அத்தை மேல தப்பில்லை, ஆஸ்பத்திரியிலயே ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருக்காங்க, நம்ம விதி"ன்னாரு. இப்போ வெள்ளிக்கிழமை ஆனா குழந்தையைக் கொண்டுவந்து காட்டிட்டுப் போறாரு. ரெண்டு மணி நேரம் என் மடியில விடுவாரு. இப்போ முட்டி போட்டுத் தவழுது. இந்த ஒரு பேப்பர் இருக்கறதாலதான் அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு இருக்குது. புரியுதுங்களா டாக்டரம்மா?

இப்போ நீங்க வந்து என்னங்க சொல்றீங்க? முதல் மூணு மணி நேரத்துல இருக்கறது தாரணியோட நெஞ்சுன்னா, அவளுக்கு இருந்தது திடீர்ச் சத்தத்துல இருதயம் தடுமாறி நிக்கற நோவு. அது பரம்பரையா வர்றது, குழந்தைக்கு இருக்கறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழந்தையை உடனே பாக்கணும், இருந்தா மாத்திரை ஆரம்பிக்கணும். அந்த மூணு மணி நேரம் வெறும் மெஷின் கோளாறு, மீதி இருபத்தோரு மணி நேரம்தான் தாரணின்னா, அவ வேற எதனாலயோ செத்தா, குழந்தைக்கு மாத்திரை தேவையே இல்லை. மோகனாவுக்கு ஒரு பேப்பர் எடுத்து ஒத்துப் பாத்தா ரெண்டுல எதுன்னு இப்பவே தெரிஞ்சிரும். அவ்வளவுதானே?

தினம் ஒரு மாத்திரைன்னா சொன்னீங்க? தாரணிக்கும் அதே மாத்திரையா? அதைத் தின்னிருந்தா விசில் சத்தத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காதா? முழுசாச் சொல்ல முடியாதா. ஆனா பெரும்பாலும் பொழைச்சிருப்பான்னு சொல்றீங்க.

சரி. மாத்திரை பேரைச் சொல்லுங்க, நான் வாங்கி வெச்சுக்கறேன். வெள்ளிக்கிழமை வர்றப்ப தேன்ல கொழைச்சு நாக்குல தடவி விட்டுடறேன். ஏனுங்க, வாரத்துல ஒரு நாள் பத்தாதா?

அப்போ மெஷின் கோளாறுன்னே எழுதுங்க, ஆனா குழந்தையை மட்டும் பாருங்க. முடியாதுங்களா? அப்பன் சம்மதம் வேணும், அவருகிட்டக் காரணம் சொல்லியாகணுமா. பொய்க் காரணம் சொல்லிப் பிஞ்சுக்கு மருந்து குடுக்க மாட்டீங்களா. ஏனுங்க, என்கிட்ட மட்டும் இவ்வளவு நியாயம் பேசறீங்களே! சொன்னா அவங்க குழந்தையை மறுபடி என் கண்ணுல காட்டுவாங்களா? அதுவும் பொட்டப் புள்ளை. ஒன்பது மாசத்துலயே இருதய நோவுன்னு பேரு வாங்கிட்டா, நாளைக்கு அவளை யாரு வந்து பாப்பாங்க? அவளுக்கும் ஒரு நாள் காப்பித் தட்டைத் தூக்கிட்டு நிக்கணுமில்லீங்களா?

ஏ மோகனா, நீ எதுக்குடி வெளிய வந்தே? உள்ள போ. பாவு நூலு வேலையைப் பாரு போ. போன்னு சொல்றேன். டாக்டரம்மா, அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, அக்கா போனதுல இருந்து அவ யாருகிட்டயும் பேசறதில்லை. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிடறா. ராத்திரியில நெஞ்சுமேல கையை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கா.

எதுக்குடி பாயை விரிக்கறே?

என்னடி சொல்றே? என்ன கேட்டே இப்போ? "அக்காவுக்கு நான் மாட்டிக்கிட்டேன், பாப்பாவுக்கும் நானே மாட்டிக்கணுமாம்மா"வா?

ஏழு மாசம் கழிச்சு வாயைத் தொறந்தா, இதைக் கேக்கறதுக்கா தொறந்தே?

மாட்டுங்க. மாட்டுங்க டாக்டரம்மா. அவ படுத்துட்டா. நான் கதவைச் சாத்தறேன். சிவப்பு அந்தப் பக்கம்தான், எனக்குத் தெரியும். அஞ்சு நிமிசம்தானே? இதுக்கு அஞ்சு நிமிசம்தானா?

என்கிட்டக் காட்டுங்க. அந்தப் பழைய பேப்பரையும் பக்கத்துல வைங்க. படிக்கத் தெரியாது, கண்ணு தெரியுமில்லீங்களா, நூலு ஒண்ணு தப்பினாலும் தூரத்துல இருந்து சொல்ற கண்ணு. இது இப்போ எடுத்தது. இது அன்னைக்கு ராத்திரியா? ஒண்ணுதான். மேட்டுல ஏறி உடனே எறங்கிருது. ரெண்டும் ஒண்ணுதான். இந்த மூணாவது எது? இது ஏறிட்டு எறங்கறதுக்கு இவ்வளவு நேரம் எடுக்குது. நீண்டு நீண்டு போகுது.

இதுதான் தாரணியா?

அன்னைக்குச் சாயங்காலம் நாலுல இருந்து ஏழு. கோலமாவு வாங்கிட்டு வந்தா. மோகனாவுக்குத் தலை வாரி விட்டா. ஏழு மணி வரைக்கும் எம்புள்ளை இந்தப் பேப்பர்ல இருந்திருக்கா. எனக்கு இன்ன நோவு, என்னைக் காப்பாத்துங்கன்னு அவ நெஞ்சு மூணு மணி நேரம் சொல்லிக்கிட்டே இருந்திருக்குது. நாந்தாங்க கழட்டினேன். நர்ஸும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. என் கையாலதான் கழட்டினேன். இந்தக் கையாலதான் பருப்பையும் வெச்சேன்.

அழுகறதுக்கு நேரமில்லீங்க, விடுங்க. மோகனா, எந்திரிச்சு உக்காரு கண்ணு. உன் நெஞ்சு நல்லா இருக்குதாம். உன்மேல ஒரு தப்பும் இல்லை, கேட்டுக்கிட்டியா? என் போனை எடு. மாப்பிள்ளை நம்பரைப் போடு. நீங்க பேச வேண்டாம் டாக்டரம்மா, நான் பண்ணினதை நானே சொல்றேன். அடிக்கட்டும், திட்டட்டும், இனி மடியில விட வேண்டாம். குழந்தையைக் கூட்டிக்கிட்டு உங்ககிட்ட வந்தாப் போதும்.

போயிருச்சா? ரிங் போகுதா?

ஐயோ, நிறுத்துடி! கட் பண்ணு, கட் பண்ணு! மத்தியானம் ரெண்டு மணி, பாப்பா தூங்கற நேரம். இன்னைக்குப் பேங்க்கு லீவு, அவரு போனைக் குழந்தை தலைமாட்டுலதான் வெச்சிருப்பாரு. பண்ணாதே, மறுபடி பண்ணாதே. நின்னுருச்சா? ஒரு ரிங்தானே போச்சு?

நேர்லயே போயிரலாங்க. ஒரு மணி நேரம் ஆகுமா, உங்க கார்ல என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. மெஷினை எடுத்துக்கங்க, அந்த மூணு மணி நேரத்துப் பேப்பரையும் எடுத்துக்கங்க. அப்புறம் உங்க டிரைவர்கிட்ட இப்பவே ஒண்ணு சொல்லிருங்க. அந்தத் தெருவுக்குள்ள போனப்புறம் ஹாரன் அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க.